பதிலுக்கு நின்ற மாப்பிள்ளை

— கரைக்குக் கூட்டிட்டுப் போற படகு வந்து அரை மணி நேரமாச்சு, அண்ணி. இறங்குங்க. லீத் துறையில ஊரே காத்துக்கிட்டு நிக்குது.

— நிக்கட்டும், கொழுந்தனாரே. பிரான்ஸ்லருந்து பதினோரு நாள் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தவ நான். உங்க அண்ணன் வால்டர் பிரபு, உங்க ராஜாவுக்கே தம்பி முறை, பொண்டாட்டிய அழைக்க வந்திருக்காரா? அத மட்டும் சொல்லுங்க.

— பனிமூட்டத்துல முகம் தெரியல.

— முகம் தெரியல, சரி. துணி தெரியுதே. எல்லாருமே கறுப்பு.

— ஸ்காட்லாந்துல பெரிய மனுஷங்க விசேஷத்துக்குக் கறுப்புதான் போடுவாங்க.

— எங்க ஊர்லயும் போடுவாங்க. ஆனா குழல் ஊதுவாங்க. உங்க ஊதுகுழல்காரங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல தொண்டை கட்டிக்கிச்சா?

— அண்ணி, நேரமாகுது.

— கோயில்ல அவருக்குப் பதிலா நீங்க நின்னு எனக்கு மோதிரம் போட்டீங்க. சாயங்காலம், கல்யாணம் முழுசாச்சுன்னு காட்டுற வழக்கப்படி காலுறையக் கழட்டி, எல்லாரும் பாக்க என் கட்டில்ல காலை வச்சு எடுத்தீங்க. அந்தக் கால் அப்படி நடுங்கிச்சு. பொம்பளைங்க கூச்சம்னு சிரிச்சாங்க. கூச்சமா, நினியன்?

— இல்ல.

— பின்ன?

— அன்னிக்குக் காலையிலதான் கடிதம் வந்துச்சு. அண்ணன் குதிரையிலருந்து விழுந்து செத்துட்டான். அதுக்குள்ள புதைச்சும் முடிச்சிட்டாங்க.

— தெரிஞ்சுக்கிட்டே அவர் பேரச் சொல்லி மோதிரம் போட்டீங்க.

— போட்டேன். கல்யாணம் நின்னா உங்க பிரான்ஸ் ராஜா எங்களுக்குப் படை அனுப்ப மாட்டார். எல்லையில இங்கிலீஷ்காரன் எங்க ஊருங்களக் கொளுத்திக்கிட்டிருக்கான். என்னைத் தோள்ல தூக்கி வளத்தவன் என் அண்ணன். அவனுக்காக ஒரு சொட்டு அழல. பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு விருந்துல ஆடினேன்.

— என்கூடத்தான் ஆடினீங்க. சரி, கரையில எனக்கு என்ன வச்சிருக்காங்க?

— ஆறு மாசம் துக்கம். அப்புறம் போப்பாண்டவர்கிட்ட அனுமதி வாங்கி, உங்கள எனக்குக் கட்டி வைக்கிறதா ஏற்பாடு.

— இத்தனை நாள் மூடி வச்சத இப்ப எதுக்குச் சொல்றீங்க?

— இனிமே அண்ணின்னு கூப்பிட வாய் வரல, ஒடெத். செத்தவனுக்குக் கட்டின கல்யாணம் செல்லாது. ஆனா கரையில கால வச்சிட்டா உங்கள விடவே மாட்டாங்க. நங்கூரத்த எடுக்கச் சொல்றேன், திரும்பிப் போயிடுங்க. என்னைத் துரோகின்னு தூக்குல போட்டாப் போடட்டும்.

— திரும்பிப் போய்?

— உங்க அப்பா இருக்காரே. விஷயம் தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் உங்களக் கப்பலேத்தியிருப்பாரா?

— நீங்க நல்லவர், நினியன். ஒருத்தராவது என் முகத்தப் பாத்து உண்மையச் சொல்ல மாட்டாங்களான்னு பதினோரு நாளாக் காத்திருந்தேன்.

— அப்படின்னா உங்களுக்கு முன்னாடியே...

— அரச சம்பந்தம் கைநழுவிடக் கூடாதுன்னு, உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி, கல்யாணத்துக்கு முந்தின நாளே எங்கப்பா அந்தக் கடிதத்தோட முத்திரைய சூடு காட்டின கத்தியால எடுத்துப் படிச்சுட்டு, பழையபடி ஒட்டினார். மெழுகுவர்த்தியப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்.