பக்கத்து சீட்டின் எடை

மாலை ஆறேகால் மணி. ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலை... முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். விளக்கு இன்னும் போடவில்லை.

நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருப்பவருக்கும் காதில் விழட்டும்.

இது நம் ஸ்டோர் கீப்பருடைய அக்காவுக்கு நடந்தது. அவர் இன்றைக்கு லீவு, அதனால்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

பல் செட் செய்யும் லேபில் அக்காவுக்கு வேலை. ஒரு பல்லின் உயரம் மயிரிழை பிசகினாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வேகமான கார் மேல் பைத்தியம். புதிதாக வாங்க ஏழு ஜென்மம் எடுக்க வேண்டும். கடைசியில் பழசு ஒன்று கைக்கெட்டும் விலையில் வந்தது. பதினாறு வயசு வண்டி. சாம்பல் நிறம், இரண்டே கதவு, வேகத்தைத் தூக்கிக் கொடுக்கும் டர்போ.

விற்றவர் பேரமே பேசவில்லை. சாவியைக் கையில் வைத்தார். வண்டி கிளம்பும்போது நின்று பார்க்கவும் இல்லை... சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அன்றைக்குத்தான் இந்தச் சாலை. மூன்றாவது கியரில் அக்கா ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். முதலில் ஒன்றுமில்லை. ஒரு மூச்சு. பிறகு விசிலடித்துக்கொண்டு டர்போ எழுந்தது... முதுகைப் பிடித்து சீட்டோடு அறைந்தது. அக்கா தனியாகச் சிரித்தாள்.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடாததற்கான மணி. தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தது. விளக்கு காட்டியது பக்கத்து சீட்டை. அங்கே கைப்பை கிடந்தது. எடுத்து மடியில் வைத்தாள். மணி நிற்கவில்லை. காலி சீட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வெயிலில் நின்ற வண்டி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் டயர்க்கடைக்காரரிடம் காட்டினாள். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவர், இடது கையில் ஒரு விரல் மடங்காது. "பழைய வண்டியில சென்சார் போறது சகஜம்மா" என்று சீட்டுக்கு அடியில் ஒரு ஒயரை வெட்டிவிட்டார். மணி நின்றது.

அப்புறம் ஆரம்பித்தது குடித்தனம். கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது தொடை கல்லாகிவிட்டது. நிறுத்துகிற இடத்தில் அட்டை விரிக்க வேண்டும், எண்ணெய் சொட்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் மாடியில் இருப்பவர் எழுந்து உட்காருவார். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "நாப்பது பேரை அலுங்காம கூட்டிட்டுப் போறவன் நான். நீ ரெண்டு கதவு வண்டிக்கு யானைக்குப் போடுற தீனி போடுறே" என்பார்.

ஆனால் மகள் பாப்பாவுக்கு அந்த வண்டி என்றால் உயிர். ஒன்பது வயசு. பின் சீட்டில் ஒரு பூனை உட்காரத்தான் இடம் உண்டு. அதனால் முன்னால்தான் உட்காருவாள். தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அந்தச் சாலை வந்ததும் கத்துவாள்: "அம்மா, அமுக்கு!"

அக்கா அழுத்துவாள். பாப்பா சீட்டோடு ஒட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிப்பாள். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

அந்தச் சிரிப்புக்காகவே அக்கா அந்த வழியாகப் போனாள்.

வண்டி வாங்கியபோது பாப்பா முப்பத்தொரு கிலோ. பள்ளிக்கூட அட்டையில் எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. இருபத்தேழு. வளர்கிற பிள்ளை, ஓடியாடுது என்றார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இறங்கியது... ஆனால் உடம்பில் ஒட்டவில்லை.

அதே சமயம் வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. டயர்க்கடையில் நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசுப் பலகை வைத்துப் பார்த்தார். வாங்கிய வாரமே எடை போட்டு, டேஷ்போர்டு பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பேனாவால் குறித்திருந்தார். அதோடு ஒத்துப்பார்த்தார்.

"இடது பக்கம் நாலு கிலோ கூடியிருக்கு. சீட்டுக்கு அடியில எதையாவது வச்சிருக்கீங்களா?"

குனிந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் ஒன்பது கிலோ. அவர் சிரிக்கவில்லை. காலி சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

பாப்பா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். அக்காவின் கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம். இருபத்திரண்டு கிலோ. மூடியில் ஒன்பது. அக்காவுக்கு அளவுதானே தொழில்... கை தானாகக் கூட்டியது. முப்பத்தொன்று. போன மாதம் இருபத்தேழும் நாலும்... முப்பத்தொன்று.

அங்கேயே, டயர்களுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் கணக்கை அக்காவாலேயே நம்ப முடியவில்லை, அந்த ஒரு தடவை பாப்பா அந்த வண்டியில்தான் வந்தாள். இன்னும் இரண்டு கிலோ போயிற்று. டயர்க்கடைத் தராசில் வண்டி பதினொன்று கூடிக் காட்டியது. அதற்குப் பிறகு பாப்பாவை அதன் கிட்டேயே விடவில்லை. எடை இறங்குவது நின்றது. ஆனால் ஏறவில்லை. இருபதிலேயே நின்றது. மறுபடி ஆஸ்பத்திரி. சோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். குழந்தைதான் கட்டிலில் துணி கிடக்கிற மாதிரி கிடந்தாள்.

டாக்டரம்மா அக்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இதயம் களைச்சுப் போச்சும்மா. இந்த வாரம் தாண்டணும்."

"அந்தச் சனியனை வித்துத் தொலை!" என்றார் வீட்டுக்காரர்.

"வித்தா பாப்பாவோட பதினொரு கிலோவும் அதோட போயிடும்ங்க."

அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு பகல் முழுக்க அக்கா அந்தப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடி ஏற்றி, பெல்ட் போட்டு. "என்கிட்ட அறுபத்திரண்டு இருக்கு. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. அவளை விட்டுடு" என்றாள். கெஞ்சினாள். திட்டினாள். சீட்டு முதுகில் தலையை முட்டிக்கொண்டாள். ஈரத் தலைமுடி காயாமல் கிடந்த வாடை வந்தது... அவ்வளவுதான். சாயங்காலம் எடை பார்த்தாள். அறுபத்திரண்டு. அதற்கு அவள் வேண்டாம்.

அப்போது ஒன்று தோன்றியது. அமுக்கினபோது போனது... பிரேக் போட்டால் வரவேண்டும் இல்லையா? பைத்தியக்காரத்தனம்தான். மூழ்குகிறவன் துரும்பைப் பிடிக்க மாட்டானா?

வீட்டுக்காரரிடம் சொன்னாள். கத்துவார் என்று நினைத்தாள். அவர் போர்வையை எடுத்து பாப்பாவைச் சுற்றினார். நர்ஸிடம் வெளிக்காற்று என்று ஏதோ சொன்னார். படியில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, "வெறும் போர்வை மாதிரி இருக்காடி" என்றார்.

அதே சாலை. அதே ஆறேகால்.

பாப்பா பக்கத்து சீட்டில். தலை நிற்கவில்லை. வீட்டுக்காரர் பின் சீட்டில், முழங்கால் நெஞ்சில் இடிக்க, இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பாப்பாவின் நெற்றியைப் பிடித்திருந்தார். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட பயணியை உலுக்காத மனுஷர்.

அக்கா மெதுவாக, டர்போ எழாமல், எண்பதுக்குக் கொண்டுவந்தாள். மிதித்தாள்.

டயர் அலறியது. பெல்ட் பாப்பாவின் நெஞ்சில் இறுகியது. எலும்பு தெரிகிற நெஞ்சு... அக்கா பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது.

மறுபடி எண்பது. மறுபடி மிதி.

நாலாவது தடவை பாப்பா முனகினாள். ஆறாவதில் கருகிய வாடை, சக்கரங்களிலிருந்து புகை. எட்டாவதில், சீட்டின் ஸ்பிரிங் ஒவ்வொன்றாக நிமிரும் சத்தம்... டக்... டக்... யாரோ எழுந்திருக்கிற மாதிரி. "போதும், நிறுத்து!" என்றார் வீட்டுக்காரர். அக்கா நிறுத்தவில்லை. பதினொன்று வரை எண்ணினாள். பதினொன்றாவதில் பிரேக் மிதி, சேற்றில் கால் வைத்த மாதிரி அடிவரை இறங்கியது. பிரேக் இல்லை. சாலை முடிகிற இடத்தில் கிடங்குச் சுவர்... அக்கா கை பிரேக்கை இழுத்தாள். வண்டி சுற்றியது. மணலில் இறங்கி, சுவருக்கு ஒரு முழம் விட்டு நின்றது.

அமைதி. சூடான இரும்பு சுருங்கும் சத்தம் மட்டும். டிக்... டிக்...

"அம்மா... பசிக்குது."

பின் சீட்டில் அந்த மனுஷர் வாய்விட்டு அழுதார்.

மூன்றாம் நாள் பாப்பா உட்கார்ந்தாள். பத்தாம் நாள் முப்பத்தொன்று. டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன நடந்ததுன்னு எனக்கே புரியலம்மா" என்றார். வண்டியை உடைத்துப் போட்டுவிட முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் டயர்க்கடைக்காரர் தன் திருப்திக்காக ஒரு தடவை தராசில் ஏற்றினார். போனில் கூப்பிட்டார்.

"பதினொண்ணு கூடியிருந்திச்சில்ல? அது போயிடுச்சும்மா." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா பதினொண்ணு மட்டும் இல்ல. இருபத்துநாலு கொறஞ்சிருக்கு. நீங்க வாங்கினப்பவே அதுல ஏதோ பதிமூணு கிலோ இருந்திருக்கு."

அக்கா சரி என்று போனை வைத்துவிட்டாள். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் கணக்கு எங்கே ஏறும்? மறுநாள் வண்டியை நசுக்கித் தகடாக்கிவிட்டார்கள். அக்கா கண்ணால் பார்த்தாள்.

இரண்டு மாதம் போயிற்று. பாப்பா பள்ளிக்கூடம் போனாள், விளையாடினாள். கையும் காலும் பழையபடி குச்சிதான். ஆனால் படியேறினால் அந்தச் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். ஒரு நாள் சோபாவில் தூங்கியவளைத் தூக்கப்போய் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அக்கா பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். பட்டப்பகல், பதினொரு மணி. அறையில் முள் வைத்த பழைய எடைமேடை. பாப்பா ஏறினாள். நாற்பத்துநாலு. நர்ஸ் குழந்தையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். "மிஷின் சரியில்ல போல... இறங்கு கண்ணு" என்றாள்.

பாப்பா இறங்கினாள். முள் பதின்மூன்றுக்கு வந்து நின்றது.

மேடை காலி. முள் அசையவில்லை.

பாப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்து போய், வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். முள் மெதுவாகப் பூஜ்யத்துக்கு வந்தது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்... பிறகுதான் கதவை விட்டாள்.