டாக்டர் அசந்துபோன குடல்

பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் திரும்பும் பேருந்து கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் உரக்கச் சொன்னாள்.

“என் குடலைப் பாத்து டாக்டரே அசந்துட்டாரு, அண்ணி!”

மடியில் பை வைத்திருந்த அண்ணி, மெதுவாகப் பேசு என்று அவள் தொடையைத் தட்டினாள்.

“எதுக்கு மெதுவா? அவ்ளோ சுத்தமாம். டாக்டருக்குப் படிக்கிற பசங்களைக் கூப்ட்டு டிவியில காட்னாரு.”

“இப்பதான் ரத்தம் போறதில்லியே. அப்புறம் எதுக்குடி வருஷா வருஷம் டியூப்பு வுட்டுப் பாக்குற?”

“பன்னண்டு வருஷமா புண்ணு இருக்குற குடலு அண்ணி. வலியே இல்லாம கேன்சர் வரலாமாம். அதான் பேதி மருந்து கரைச்ச தண்ணிய ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சேன். நம்ம உப்புப் பாத்தியில சேறு வழிக்காம தண்ணி வுடுவோமா? தரை சுத்தமா இருந்தாத்தான் சின்னப் புள்ளிகூட கண்ணுல படும். போன வருஷம் ஒண்ணு பட்டுச்சு, அங்கயே எடுத்துட்டாரு.”

“இந்த வருஷம்?”

“ஒண்ணுமே இல்லன்னுட்டாரு.”

அண்ணி முன்பின் தெரியாத என் பக்கம் திரும்பி, பேருந்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

“எங்க வூட்டுப் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லியாம்!”