ஸ்ரீவராகத்து மாமரத்தை நிற்க வைத்த பகவதி அம்மையாருக்கு எங்கள் பாராட்டு மடல்

குளிர்நிழல் மரப் பராமரிப்பு நிலையத்தின் முதன்மை மேற்பார்வையாளராக இருபத்தாறு ஆண்டுகள் முன்னின்று உழைத்து, இன்று ஓய்வுபெறும் எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அம்மையீர்!

நாஞ்சில் நாட்டில் பிறந்து, தாவரவியல் பயின்று, திருவனந்தபுரத்து வீட்டு மரங்களுக்கு வைத்தியம் பார்க்க வந்த வல்லமையே! கொம்பைக் கண்டதும் கோளாறைச் சொல்லும் கூர்விழியே! நாங்கள் ஏணியைத் தொடும் முன்பே எங்கள் இடுப்புக் கச்சையை இழுத்துப் பார்க்கும் கண்டிப்பே! வணக்கம், வணக்கம்!

ஆண்டில் பாதி மழையும் மீதி வியர்வையுமான ஊர் இது. இங்கே மரம் வளர்வது பெரிதல்ல; வளர்ந்த மரம் வீட்டோடு ஒட்டி நலமாக நிற்பதே பெரிது. ஈரம் காயாத வெட்டுக்காயத்தில் காளான் குடியேறும். பட்டைக்கு அடியில் கரையான் பாதை போடும். கொம்புக்குக் கொம்பு புல்லுருவி தொற்றும். இத்தனைக்கும் மேலாக மனிதர் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. அடிமரம் வரை தரைக்கல் பதித்து வேரை மூச்சுமுட்ட வைப்பார்கள். வெட்டிய இடத்தில் தாரைப் பூசுவார்கள். உச்சியை மொட்டையடித்துவிட்டு இனிப் பயமில்லை என்பார்கள். இந்த அறியாமையோடு அலுக்காமல் சலிக்காமல் சண்டையிட்டவர் நீங்கள்! விளம்பரப் பலகைக்காக மரத்தில் அடித்த ஆணிகளைப் போகிற வழியெல்லாம் பிடுங்கியதால், உங்கள் கைப்பையில் சாவியைவிட ஆணிகளே அதிகம்!

ஆனால் மரம் என்று சொன்னாலே உருகிவிடுகிறவர் அல்லர் நீங்கள். பழவங்காடியில் ஒரு கடைக்காரர், தம் தகப்பனார் நட்ட வேம்பை எப்படியாவது காப்பாற்றித் தாருங்கள் என்று மன்றாடினார். வேர் அழுகியிருந்தது. "ஆளைவிட மரம் பெருசில்ல, அண்ணாச்சி. இன்னைக்கே எறக்கணும்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள். வெட்டச் சொல்லத் தயங்காத வாய் என்பதால்தான், ஒரு மரம் நிற்கும் என்று நீங்கள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை இருந்தது. அப்படி நீங்கள் சொன்ன ஒரு மரத்தின் கதையை இந்த அவையில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எங்களால் ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கோடை மழை. ஸ்ரீவராகத்தில், கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற திரு. கோலப்பன் வீட்டுப் பின்முற்றத்தில் நின்ற பெரிய மாமரத்தின் கொம்பொன்று முறிந்து, பக்கத்து வீட்டு திரு. விஜய்குமாரின் சமையலறை ஓட்டின்மேல் விழுந்தது. அவருடைய மனைவி அப்போதுதான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்திருந்தார். மறுநாள் உங்களோடு நாங்கள் போய் இறங்கியபோது, கோலப்பன் வாசலிலேயே மறித்தார்.

"மேடம், யோசனையே வேண்டாம். மூட்டோட வெட்டித் தள்ளுங்க. என் பேரப்பிள்ளைய ரெண்டும் அந்த மரத்துக்கு நேர் கீழ உள்ள ரூம்லயாக்கும் படுக்கது."

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மரச்சுத்தியால் அடிமரத்தைத் தட்டித் தட்டிச் சுற்றி வந்தீர்கள். வேர்ப்பக்கம் கம்பியால் குத்திப் பார்த்தீர்கள். முறிந்த கொம்பின் அடியை விரலால் தடவினீர்கள். எப்போதோ யாரோ உச்சியை மொட்டையடித்திருக்கிறார்கள். அந்த வெட்டிலிருந்து கிளம்பிய தடித்தடிக் கொம்புகள் மரத்தோடு சரியாகப் பிடிக்காமல் நின்றன.

"அடிமரம் கல்லு மாதிரி இருக்கு. பழைய வெட்டுல இருந்து கெளம்பின கொம்புகளுக்குத்தான் பலமில்ல. அதுகளக் குறைச்சு, தரைக்கல்லப் பேத்து வேருக்குக் காத்து விட்டா, மரம் நிக்கும்."

"நிக்கலேன்னா?" என்றார் மதிலுக்கு அப்பால் நின்ற விஜய்குமார்.

"பெருங்காத்து அடிக்க அன்னைக்கு நானே வந்து அந்த ரூம்ல இருக்கேன்."

பேச்சுக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

வேலை தொடங்கியது. தரைக்கற்களைப் பெயர்த்தோம். அடிமரத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு வேர்மேல் சருகு பரப்பினோம். எங்கள் குழுவின் தங்கபாண்டி மரமேறினார். கீழே கயிறு பிடித்த பிரஜினுக்குப் பொறுமையில்லை. "சேச்சி, நல்ல கயிறு ஒண்ணு கட்டியாச்சல்லோ. ரெண்டாமத்தது எதுக்கா?"

"முதல் கயிறு வேலைக்கு. ரெண்டாவது அவன் பொண்டாட்டி பிள்ளைக்கு. கயித்தக் கெட்டு!"

முதல் கயிறு போட்டிருந்த கொம்பே கொஞ்ச நேரத்தில் மளாரென்று பிளந்தது. தங்கபாண்டி அதோடு சரிந்தார். அடிமரம் இரண்டாகப் பிரியும் கவையில் கட்டிய இரண்டாவது கயிறு விண்ணென்று இறுகி அவரை நடுவானில் நிறுத்தியது. கைரம்பம் சருகில் வந்து விழுந்தது. பிறகு மேலிருந்து ஒரு குரல்:

"யக்கா, உசுரோடதான் தொங்குதேன்! கீழ எறக்குங்க!"

பதறாமல், பிரஜினுக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்து, பிடியைத் தளர்த்தித் தளர்த்தி அவரை இறக்கினீர்கள். அவர் கால் மண்ணில் பட்ட பிறகுதான் பிரஜினைக் கயிற்றை விடச் சொன்னீர்கள்.

"இன்னும் என்ன வேணும்? ஒரு உசுரு போகப் பாத்துது. வெட்டுங்க!" என்று கத்தினார் விஜய்குமார். கோலப்பனும் தலையசைத்தார். பிளந்த கொம்போ அவர்கள் இருவருடைய கூரைக்கும் மேலே பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தை வைத்தாலும் வெட்டினாலும் அதை முதலில் இறக்கியாக வேண்டும். நானே போகிறேன் என்று தங்கபாண்டி எழுந்தார். "இன்னைக்கு நீ ஏறக் கூடாது" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, அறுபதை நெருங்கிய வயதில், அம்மையீர், நீங்களே கச்சையைக் கட்டினீர்கள்!

இரண்டு கயிறோடு ஏறினீர்கள். தொங்கிய கொம்பைத் துண்டு துண்டாகக் கட்டி அறுத்து இறக்கினீர்கள். ஓர் ஓடுகூட உடையவில்லை. மிச்சமிருந்த பலவீனக் கொம்புகளையும் குறைத்துவிட்டு, வியர்வையில் குளித்து நீங்கள் இறங்கி நின்றபோது தெருவே மதிலோரம் கூடியிருந்தது. கோலப்பன் மரத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வயசுல ஏறி எறங்கின ஆளு சொல்லுது. ஒரு மழைக்காலம் பாப்போம்" என்றார்.

அந்த மழைக்காலம் சும்மா வரவில்லை. சிவப்பு எச்சரிக்கை விடுத்துப் பள்ளிகளை மூடிய ஒரு பகற்பொழுதில், தம்பானூரில் ஆட்டோக்காரர்கள் வரமாட்டோம் என்று கைவிரிக்க, நனைந்துகொண்டே நடந்து அந்த வீட்டுக்குப் போனீர்கள். "பிள்ளைகளை முன்பக்கம் இருத்துங்க. நான் பின் ரூம்ல இருக்கேன்" என்றீர்கள். கோலப்பனின் மனைவி மங்கலம் அம்மா கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டாராம்.

"பயமில்லாம இருக்குமா? ஆனா அந்த அடிமரத்தத் தட்டிப் பாத்தவ நானாக்கும்."

காற்று ஊளையிட்டது. ஓடுகள் பறந்தன. மின்சாரம் போனது. இரண்டு தெரு தள்ளி ஏதோ முறிந்து விழும் சத்தம் கேட்டது. பாரம் குறைந்த மாமரம் காற்றைத் தன் ஊடே போக விட்டது; வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. மாலையில் காற்று ஓய்ந்ததும் கோலப்பன் குடைகூட எடுக்காமல் பின்முற்றத்துக்கு ஓடி, அடிமரத்தில் கைவைத்து, தெருவே கேட்கும்படிக் கூவினார்:

"வே விஜய்குமாரே! மரம் நிக்கி வே!"

"கண்டேன், கண்டேன்" என்று மதிலுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "மேடத்த அப்படியே இங்கயும் ஒண்ணு வரச் சொல்லும். எங்க பலாவையும் பாக்கணும்."

அன்று தொடங்கியது எங்கள் நிலையத்தின் வெற்றி உலா! ஒரு வீட்டிலிருந்து மறுவீடு, ஒரு தெருவிலிருந்து மறுதெரு என்று அழைப்புகள் வந்து குவிந்தன. கோடரியோடு காத்திருந்தவர்கள் கம்பளம் விரித்து வரவேற்றார்கள். மொட்டையடிக்கச் சொன்னவர்களே, அளவாகக் கவாத்து செய்யுங்கள் என்று எங்களுக்கே பாடம் சொன்னார்கள்! உங்கள் கையால் பயிற்சி பெற்ற இசக்கிசெல்வி இன்று எங்கள் ஏறுகுழுவின் தலைவி. தங்கபாண்டியோ தம் மனைவி மக்களோடு இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இதைவிடப் பெரிய விருதை எந்த அவை தரும், அம்மையீர்!

கடிந்து கற்பித்தவரே! கூடவே உட்கார்ந்து பொதிச்சோறு உண்டவரே! நோயற்ற உடலும் நிறைந்த மனமுமாக நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். இனிக் காலைநடை போகையில் அண்ணாந்து பார்த்தால் பட்ட கொம்பைத் தேடாதீர்கள். மைனாவைப் பாருங்கள், வானத்தைப் பாருங்கள். பழக்கம் விடாமல் ஏதாவது கோளாறு கண்ணில் பட்டுவிட்டால், தயவுசெய்து நீங்கள் ஏறாதீர்கள். ஒரு போன் போடுங்கள். நாங்கள் வந்து ஏறுகிறோம். நீங்கள் கீழே நாற்காலியில் அமர்ந்து, வழக்கம்போல் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தால் போதும்!

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
ஏறுவோர், கயிறு பிடிப்போர், அலுவலகத்தார் அனைவரும்
குளிர்நிழல் மரப் பராமரிப்பு நிலையம்
தம்பானூர், திருவனந்தபுரம்