ஸ்டோரில் காய்ந்த கட்டி

காலை எட்டு நாற்பதுக்கு, போடி லேப்பில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் அண்ணனின் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அவள் கணவரின் உள்ளங்காலிலிருந்து டாக்டர்கள் வெட்டியெடுத்த அபூர்வமான தோல் புற்றுக்கட்டி, மருந்துத் தண்ணீர் இல்லாமல் சுண்டிக் கிடந்தது. கணவர் வெளியே ஜீப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“மருந்துத் தண்ணி எங்கண்ணே?”

“நாத்தம் கொடலப் புடுங்குச்சு தாயி. கொட்டிட்டு, நம்ம ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல, அந்தச் சூட்டுல போட்டு வச்சேன். ஈரத்தோட இருந்தா அழுகிரும்ல?”

“காய வைக்க இது என்ன ஏலக்காயா?”

“ஒரு காயில பூசணம் புடிக்க விட்டிருப்பனா நான்?”

“நோய் திரும்புமான்னு இதுலதான் பாக்கணும்னு சொன்னாகளே!”

“இன்னுங் கொஞ்சம் வெட்டித் தரச் சொல்லுவோம்.”

“மிச்சமில்லாம எடுத்துட்டாகண்ணே.”

அண்ணன் ஜீப்பைப் பார்த்தார். “மாப்ளைகிட்டச் சொல்லிறாத.”

என் கையிலிருந்த பாட்டிலில் என் மகளின் கட்டி மருந்துத் தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டேன்.

லேப் டாக்டரம்மா வந்தார். அவர்களுடைய பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“புத்துங்கிறது முந்தியே தெரிஞ்சதும்மா. திரும்ப வருமான்னு இனி இதுல பாக்க முடியாது. வந்தாத்தான் தெரியும்.”