வலது முட்டி

— இவ்வளவு இறுக்கமா கட்டாதீங்க. உங்க பார்சல் ஆபீஸ் மூட்டையா இது? பொண்டாட்டி காலுங்க.

— இறுக்கினாத்தான் சாறு உள்ள இறங்கும். ஆட்டாம இரு.

— ஆட்டுறேனாம்! எட்டு மாசமா கட்டில விட்டு இறங்க முடியாம கெடக்கேன், நான் எங்க ஆட்டுறது? அய்யோ, உயிரே போகுது.

— போகாது. தங்கச்சி வீட்லேருந்து மச்சான் போன் பண்ணாரு. படுத்த படுக்கையில கெடந்துக்கிட்டு வாசலயே பாத்துட்டு இருந்தாளாம். அண்ணன் வந்தாச்சா, அண்ணன் வந்தாச்சான்னு அதே கேள்வியாம்.

— பாருங்க, பேச்ச எடுத்த உடனே முட்டி சுருக்குன்னு குத்துது. போங்க, தாராளமா போங்க. ஒரு வாய் தண்ணி மொண்டு குடுக்க நாதியில்லாம நான் இங்கயே சாகுறேன்.

— அவள பாக்கக் கிளம்பின மூணு தடவயும் இதையேதான் சொன்ன. ஒவ்வொரு தடவயும் பைய இறக்கி வெச்சுட்டு நொச்சி இலை பறிக்கப் போனேன். வதக்கினேன், இடிச்சேன், ஒத்தடம் குடுத்தேன்.

— அதுல ஒரு கொறையும் இல்ல. உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?

— நேத்து மத்தியானம் கட்டிவிட்டுட்டு எண்ணெய் வாங்கப் போனேன். கட்டினது வலது முட்டியில. வந்து பாத்தா கட்டு இடது முட்டியில இருக்கு.

— உங்களுக்கு வயசாச்சு. மறந்துட்டீங்க.

— மொட்ட மாடியில காயப்போட்ட துணியெல்லாம் மடிச்சு அலமாரியில இருக்கு. மழை வர்ற மாதிரி இருந்துச்சோ?

— அது... பக்கத்து வீட்டம்மா எடுத்துக் குடுத்தாங்க.

— கட்டையும் அந்தம்மாதான் மாத்திக் கட்டினாங்களா?

— என்னங்க, இன்னிக்கி மருந்து எரியுதே. நொச்சி இப்படி எரியாதே.

— நொச்சி இல்ல. இது ஒரு வேரு. நாட்டு மருந்துக் கடைக்காரர் அரை மனசோடதான் குடுத்தாரு. துளியூண்டு தடவி உடனே கழுவிடணுமாம். இல்லேன்னா தோலு வெந்துடுமாம்.

— நீங்க எவ்வளவு வெச்சீங்க?

— ஒரு கிண்ணம்.

— அவிழுங்க! அய்யோ, முடிச்சு அசைய மாட்டேங்குதே!

— முப்பது வருஷம் மூட்ட கட்டின கை.

— நடிச்சேங்க, ஒத்துக்கறேன்! முதல் மாசம் நெஜமாவே வலிச்சுது. அப்புறம் சரியாப் போச்சு. போன தடவ அவகிட்ட போயி ஒன்றரை மாசம் இருந்துட்டீங்க, நான் இந்த நாலு சுவத்தோட பேசிக்கிட்டுக் கெடந்தேன். அந்த பயந்தாங்க. இப்பவே கிளம்புங்க, அஞ்சு மணி பஸ்ஸ பிடிச்சுடலாம். உங்க பைய நானே எடுத்து வெக்கறேன்.

— பஸ் எதுக்கு? மச்சான் போன் பண்ணது என்னை வரச்சொல்லி இல்ல. அவ போயிட்டா. காலையிலயே எடுத்துட்டாங்களாம்.

— அய்யய்யோ... எனக்குத் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாது! கத்திரிக்கோல் எங்க? கால் வேகுதுங்க!

— கத்தாத. இனிமே நான் உன்ன விட்டுட்டு எங்கயும் போகப் போறதில்ல. தினம் ரெண்டு வேளையும் நானே கட்டிவிடறேன்.