கிட்டாரின் விலா எலும்புகள்

கிட்டாரில் கீறல் விழுந்தால் சத்தம் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பக்கவாட்டில் கீறினால் ஒன்றும் ஆகாது. முதுகில் சின்ன விரிசல் விட்டால்கூடச் சமாளித்துக்கொள்ளும். மேல்பலகைதான் உயிர். கம்பி இழுக்கும் இழுப்பில் அது வளைந்துவிடாமல் இருக்க, உள்பக்கம் விலா எலும்பு மாதிரி மெல்லிய கட்டைகளை ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் வெளியே எதுவும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். வாசிக்கும்போதுதான் தடித்த கம்பியின் நாதம் பொத்தென்று செத்து விழும். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும், உள்ளே ஈ மாட்டிக்கொண்ட மாதிரி கிர்ரென்று ஒரு நடுக்கம் வரும்.

உன் அக்காவின் கிட்டாரை மேசைமேல் வைத்துவிட்டு, "இது யாரு வேலை மாமா?" என்று கேட்டாய். என் வேலைதான், மச்சான். உட்கார்.

உன் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே இதுவும் கூட வந்தது. முன்னறையில் அவள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பாள். நான் கதவுத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பசையும் ஒட்டுப்பலகையுமாக நின்றுவிட்டு வருவேன். பேச வாயெடுத்தால், "ஒரு நிமிஷங்க" என்று கையைக் காட்டுவாள். அந்த ஒரு நிமிஷத்தில் என் சாப்பாடு ஆறிப்போகும். அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

நீ புது வீட்டுக்குக் குடிபோன அன்று உன் பெண்டாட்டி, "அண்ணே, நீங்களும் வாசிப்பீங்களா?" என்று கேட்டாள். உன் அக்கா முந்திக்கொண்டாள். "அவரா? மரத்தோடயே இருந்து இருந்து அவருக்குக் காதே மரத்துப்போச்சு."

எல்லோரும் சிரித்தீர்கள். நீ புரையேறும்வரை சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்குள் தீ பற்றியது. நிதானமாகப் பேசுகிறேனே என்று அது அணைந்துவிட்டதாக நினைக்காதே.

அதன்பின் ஒரு நாள், பழைய கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு, புதுசு வாங்க அவள் கடைக்குப் போயிருந்தாள். மெல்லிய தகடு ஒன்றைச் சூடாக்கி, நடுத்துளை வழியாகக் கையை விட்டு, ஒரு கட்டையின் நுனியை மட்டும் பிரித்தேன். பசை எந்தச் சூட்டில் இளகும் என்று எனக்குத் தெரியாதா?

"என்னங்க, கிர்ருனு ஏதோ கேக்கல?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

கம்பிதான் சரியில்லை என்று மறுபடியும் கழற்றினாள். அவள் கழற்றிய ஒவ்வொரு தடவையும் பிரிப்பதற்கு எனக்கு இன்னொரு கட்டை கிடைத்தது. கடையில் காட்டலாம் என்றாள். நானே எடுத்துக்கொண்டு போய், எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். "கிட்டார்ல ஒரு கோளாறும் இல்லையாம். வாசிக்கறவங்க காதைப் பாக்கச் சொன்னாங்க" என்றேன்.

காது டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "மிஷினுக்கு என்ன தெரியும்?" என்றேன் நான். அவள் என்னைத்தான் நம்பினாள். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக, இனி வரவேண்டாம் என்று நிறுத்தினாள். அதன்பின் எதைக் கேட்டாலும் என்னிடம் சரிபார்த்துக்கொள்ளத் தொடங்கினாள்.

"பெல் அடிச்சுதா?"

"இல்லையே."

வாசலில் ஆள் நின்றுகொண்டிருப்பான். சில நாள் நீதான் நின்றாய், மச்சான். வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பிப் போனாய்.

ரோட்டில் நடந்தது உனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் சொன்னாள். "ஹாரன் சத்தம் கேட்டுச்சுங்க. என் காதுதான் ஏமாத்துதுன்னு நெனச்சு நடந்துட்டேன்." இடது கை நசுங்கிப்போனது. கம்பியை அழுத்தும் விரல்கள் எதுவும் இனி மடங்காது. அந்த வேன்காரனை நினைத்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. ஒழுங்காகப் பிரேக் பிடிக்கத் தெரியாதவன் எதற்கு வண்டி ஓட்ட வேண்டும்? ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டான்.

வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தும் இப்போது நான்தான் ஊட்டிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறாள். நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

நீ சும்மா இருந்திருக்கலாம். தூசி படிந்து கிடந்ததைத் துடைத்து, ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய், அவன் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்து, வேண்டுமென்றே யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று சொல்ல வைத்து... யாருக்கு என்ன லாபம்? அவள் இனி வாசிக்கப் போகிறாளா?

கதவைப் பார்க்கிறாய். போ. உள்ளறையில் விழித்துத்தான் இருக்கிறாள். நான் சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொல். நான் தடுக்க மாட்டேன். நீ சொல்லி முடித்ததும் அவள் என்னைக் கூப்பிடுவாள். தம்பி சொன்னது தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று என்னிடம் கேட்பாள்.