பொடி கலந்த பால்

மாலை ஆறேகால். கம்பம்மெட்டிலிருந்து ஏலக்காட்டுக்குள் இறங்குகிற ஜீப் பாதை. ஆடி மாதத்து மழை. இருட்ட இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பாதையில் தனியாக வந்துகொண்டிருந்தவள் சிசிலி. இந்தக் கதையை எனக்குச் சொன்ன சிநேகிதன் சிலுவைராஜ் இருக்கிறானே, அவனுடைய சொந்தச் சின்னம்மா. எழுபத்தைந்தாம் வருஷம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரி என்றால் என்ன... தகரக் கூரை, இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி. டாக்டர் கம்பத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வந்து போவார். மற்ற ஆறு நாளும் அவள்தான் எல்லாம்.

அன்றைக்கு மதுரையிலிருந்து ஒரு பார்சல் பஸ்ஸில் வந்திருந்தது. அதை வாங்கத்தான் மெட்டுக்கு ஏறிப் போயிருந்தாள். பார்சலுக்குள் ஒரு பழுப்புப் புட்டி. புட்டிக்குள் பொடி. பன்றியின் கணையத்தை உலர்த்தி எடுத்த பொடி... மூடியைத் திறக்காமலே கவுச்சி அடிக்கும். மழை படாமல் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

பாதி வழியில் இருமல் கேட்டது.

பின்னாலிருந்து. சின்னப் பிள்ளையின் இருமல். வறட்டு இருமல் இல்லை. நெஞ்சில் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்ட சளியைப் பிய்க்க முடியாமல், இழுத்து இழுத்து இருமுகிற இருமல். சிசிலிக்கு அது நன்றாகத் தெரியும். அப்படி இருமுகிற பிள்ளை அந்த மலையிலேயே ஒன்றுதான் உண்டு. அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்திருக்க மாட்டாமல் கிடக்கிறது.

நின்றாள். இருமலும் நின்றது. திரும்பினாள்... வெறும் பனி. ஏலச்செடியில் மழை சொட்டுகிற சத்தம். நடந்தாள். மறுபடியும் இருமல். இந்தத் தடவை பக்கத்தில்... அவள் இடுப்பு உயரத்தில்.

அவள் ஓடவில்லை. ஓடினால் புட்டி விழுந்து உடைந்துவிடும் என்றுதான் பயமாம்.

கட்டிலில் கிடந்தவள் ஞானஜோதி. ஆறு வயது. பார்த்தால் மூன்று வயது என்பார்கள். ஏலக்காட்டில் களை எடுக்கிற செபமாலையம்மாளின் இளைய மகள். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. போகிற மலம் எண்ணெயாக மிதக்கும், நாற்றம் தாங்காது. கண் பட்டது, காற்று கருப்பு அண்டியது என்று கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர், வெளிநாட்டில் படித்து வந்தவர், பிள்ளையின் நெற்றி வேர்வையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கடல்தண்ணீர் மாதிரி உப்பு.

பிறவியிலேயே வருகிற நோய் என்றார். சளி கோந்தாகி நெஞ்சை அடைக்கும், கணையத்தையும் அடைக்கும். தின்றது செரிக்காமல் அப்படியே போய்விடும். "பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. மத்த பிள்ளைங்களவிட அதிகமாக் குடுக்கணும். வேளைக்கு வேளை இந்தப் பொடியக் கலந்து குடுக்கணும்" என்றார்.

செபமாலை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப எம் மூத்தவளுக்கும் இதுதானா சார்?"

மூத்தவள் லூர்து. நாலு வருஷத்துக்கு முன்னால், ஏழு வயதில் போய்ச் சேர்ந்தவள். பேதி நிற்கட்டும் என்று எல்லாரும் சொன்னதைக் கேட்டு, செபமாலை சோற்றுப் பானையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். பார்லித் தண்ணீர் மட்டும்தான். கடைசி நாள்வரை சோறு கேட்டுக் கேட்டே அடங்கியது அந்தப் பிள்ளை.

இப்போது ஜோதிக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியிருந்தது. விழுங்கத் தெம்பில்லை. கம்பம் டாக்டர் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு, பென்சிலின் ஊசியும் எழுதிவிட்டுப் போயிருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆடை எடுத்த பாலில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, உப்பு, ஒரு கரண்டி பொடி கலந்து குழாயில் விட வேண்டும். இடையில் சளி இளக முதுகைத் தட்ட வேண்டும். உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு... தொப்... தொப்... தொப்...

அன்று ராத்திரியே மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. வழி திறக்கப் பத்து நாளாகும் என்றார்கள். புட்டியிலிருந்த பொடியும், ஒரு சிட்டிகை வீணாகாமல் கொடுத்தால், சரியாகப் பத்து நாளைக்குத்தான் காணும்.

ராத்திரி ஒரு மணி வேளை. சிசிலி பாலைக் கலக்கி மேஜையில் வைத்துவிட்டு, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தாள். நிமிர்ந்தால்... டம்ளர் காலி.

சிந்தவில்லை. மேஜை காய்ந்திருந்தது. டம்ளர் விளிம்பில் மட்டும் வெள்ளையாக ஒரு சின்ன உதட்டுத் தடம்.

செபமாலை தரையில் முடங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். சிசிலி மறுபடி கலக்கினாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தபடியே ஊற்றி முடித்தாள்.

மறுநாளும் அதே ஒரு மணிக்கு டம்ளர் காலியானது. அன்றைக்குக் காலியாகக் கிடந்த அடுத்த கட்டிலிலிருந்து இருமலும் கேட்டது. ஜோதி அசையாமல் கிடந்தாள்.

மூன்றாம் ராத்திரி சிசிலி ஒரு காரியம் செய்தாள். பொடி போடாத பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அந்த அடுத்த கட்டில் பக்கம் வைத்தாள். எதுவானாலும் இதைக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று. விடிகிறபோது கிண்ணம் காலி. கலந்து வைத்த பாலும் காலி. அடுத்த கட்டிலின் வெள்ளை விரிப்பில் எண்ணெய் ஊறினாற்போல் ஒரு மஞ்சள் கறை. அந்த நாற்றம்... அறை முழுக்க.

நாற்றத்தில்தான் செபமாலை விழித்தாள். கறையைப் பார்த்தாள். பக்கத்தில் போய் விரிப்பைக் கையால் தடவினாள். அலறவில்லை.

"லூர்து வந்திருக்கா" என்றாள்.

"என்னக்கா பேசுறீங்க..."

"பெத்தவளுக்குத் தெரியாதா சிஸ்டர்? பொடி போடாமக் குடுத்தா அவளுக்கும் நிக்காதுல்லா. அதான் வெளிக்குப் போயிருக்கா."

சிசிலி புட்டியைத் தூக்கிக் காட்டினாள். "யக்கா, இருக்கிற பொடி இவளுக்கே பத்தாது. இன்னும் வழி திறக்கல. இவ பங்கக் குறைச்சா இவ தாங்க மாட்டா."

"தெரியும்" என்றாள் செபமாலை. "ஒரு பிள்ளையப் பட்டினி போட்டுக் கொன்னேன். இவளுக்குக் குடுக்கிறதப் பிடுங்கணும்னு சொல்லல. ஆனா பசியோட நிக்கிறவள எப்படிப் போன்னு சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க."

பகல் முழுக்கச் சிசிலிக்கு நிலைகொள்ளவில்லை. புட்டியை எடுப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், வைப்பாள். ஜோதியின் மூச்சை எண்ணுவாள். வாசலுக்குப் போவாள், வருவாள். எப்படியும் ராத்திரிக்கு ஒரு கரண்டி போகிறது. திருட்டுப் போவதைவிடக் கொடுத்துவிடலாம் என்று பட்டது. மற்றவர்கள் கேட்டால் பைத்தியம் என்பார்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

அன்று ஒரு மணிக்கு இரண்டு டம்ளர் கலக்கினாள். ஒன்றை ஜோதிக்கு ஊற்றினாள். இன்னொன்றில் பொடியைத் தாராளமாகவே போட்டுச் செபமாலையின் கையில் கொடுத்தாள்.

"நீங்க வெளிய நில்லுங்க சிஸ்டர்" என்றாள் செபமாலை. "வேத்தாளு நின்னா கூச்சப்படுவா."

வராந்தாவில் நின்றாள் சிசிலி. தகரத்தில் மழை. கதவுக்கு அந்தப் பக்கம், முழுங்குகிற சத்தம். அவசர அவசரமாக... மூச்சு விடாமல். "மெல்ல, மெல்ல... ஆரும் பிடுங்க மாட்டாங்க" என்று செபமாலையின் குரல். பிறகு தொப்... தொப்... தொப்... முதுகைத் தட்டுகிறாள். நீளமாக ஒரு இருமல். சளி பிய்ந்து வருகிற சத்தம். அதற்கப்புறம் ஒரு சின்ன ஏப்பம்.

சிசிலி கதவைத் திறந்தபோது செபமாலை அடுத்த கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சேலை மடி முழுக்க நனைந்திருந்தது. வலது கை இன்னும் குழித்தபடியே, காற்றில்.

அதன் பிறகு எதுவும் தானாகக் காணாமல் போகவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு டம்ளர் கூடுதலாகக் கலப்பார்கள். சிசிலி வெளியே போய் நிற்பாள். அவ்வளவுதான். ஏழாம் நாள் ஜோதிக்குக் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் புட்டி காலி. அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே ஜீப் சத்தம் கேட்டது. வழி ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிட்டது. டாக்டர் புதுப் புட்டியோடு வந்து இறங்கினார். சிசிலி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாளாம்.

ஜோதி தேறிவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மதுரையிலிருந்து மாதாமாதம் பொடி வந்தது. செபமாலை மட்டும் மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று சிசிலி கேட்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. "நீங்களும் வாங்க சிஸ்டர்" என்று செபமாலை கூப்பிட்டாள். சிசிலி போனாள். கோயிலுக்குப் பின்னால், சரிவில், பிள்ளைகளைப் புதைக்கிற இடம். எல்லா மேடும் மழையில் கரைந்து தரையோடு தரையாகக் கிடந்தது. லூர்துவின் மேடு மட்டும் உப்பி நின்றது. தலைமாட்டில் மரச்சிலுவை. கால்மாட்டில் ஒரு கல்.

குழி வெட்டுகிற சூசையப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்தக் கல்லையே பார்த்தார்.

"ஆடிக்கப்புறம் இது ரெண்டாவது தடவை சிஸ்டர்" என்றார். "மேடு நீள நீள கல்லத் தள்ளித் தள்ளி நட்டுக்கிட்டே இருக்கேன்."

செபமாலை மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டு, சிலுவையிலிருந்து கல்வரை சாண் போட்டு அளந்தாள். ஏழு சாண். திரும்பிச் சிசிலியைப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம்.

"பதினோரு வயசுப் பிள்ளை இவ்வளவு உசரம் இருப்பால்லா சிஸ்டர்?"

சிசிலி குனிந்து பார்த்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம், புல் மூடிய தரையில், விரல் அகலத்துக்குப் புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.